சட்டைப்பைக்குள் ஒரு பிலிம் கேமரா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தினமும் கூடவே எடுத்துச் செல்ல ஒலிம்பஸ் எக்ஸ்ஏ வாங்க எண்ணியிருக்கிறேன். கையில் எடுத்ததும் எப்படி இருக்கும்? பழைய கேமரா என்பதால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
- வாசகர், திருச்சி

பதில்: பேட்டரி, பிலிம் இல்லாமல் 225 கிராம்தான் எடை. முன்மூடியை ஒதுக்கித் திறந்தால் கேமரா தயார், மூடினால் ஷட்டர் (பிலிமில் ஒளி விழத் திறந்து மூடும் திரை) பூட்டிக்கொள்ளும். லென்ஸ் வெளியே நீளாது. தனி உறையோ லென்ஸ் மூடியோ வேண்டாம். 1979-இல் வந்த இந்த வடிவம் ஒலிம்பஸ் வடிவமைப்பாளர் மைதானி யோஷிஹிசா செய்தது. பென், ஓஎம்-1 கேமராக்களும் அவர் கைவண்ணமே.

முதலில் பழகிக்கொள்ள வேண்டியது சிவப்பு ஷட்டர் பொத்தான். அதை அழுத்த வேண்டியதே இல்லை, லேசாகத் தொட்டாலே படம் விழுந்துவிடும். மூடியைத் திறந்த கையோடு விரலை அதன் மேல் வைத்து ஒன்றிரண்டு பிரேமை வீணாக்காதவர் குறைவு. படம் எடுக்கும் நொடி வரை விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். லென்ஸ் பக்கம் விரல் நீட்டிப் பிடித்தால் படத்தின் ஓரத்தில் விரலும் விழும்.

வாங்கும் முன் பிலிம் இல்லாமலே சோதித்துவிடலாம். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும், ஒளியை அளக்கும் மீட்டர் கண்ணை விரலால் மூடி ஷட்டரைத் தட்டுங்கள். இருட்டு என்று நினைத்து ஷட்டர் பல நொடி திறந்தே இருக்க வேண்டும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்குள் பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோலத் தெரியும். கண்ணிலிருந்து விரலை எடுத்தால் ஷட்டர் சட்டென்று அடித்து மூட வேண்டும். அப்படி நடக்காவிட்டால் மீட்டரோ மின்சுற்றோ பழுது. மின்சுற்றைச் சரிசெய்வது எளிதல்ல, அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து பின்கதவின் ஓரத்து ஸ்பாஞ்சு. வயதானால் தார்போலப் பிசுபிசுத்து உதிரும். ஒளி கசிந்து படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு விழும். இது பயப்படும் பழுது அல்ல. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டினால் போதும். சுரண்டிய துகள் லென்ஸின் பின்புறம் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் செய்யுங்கள்.

கேள்வி: வ்யூஃபைண்டரின் (கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடி) நடுவே இரட்டை உருவம் மிகவும் மங்கலாகத் தெரிகிறது. ஃபோகஸ் செய்ய நேரமாகிறது. தெருவில் வேகமாக எடுப்பது எப்படி?
- வாசகர், மதுரை

பதில்: எக்ஸ்ஏ-யின் ரேஞ்ச்ஃபைண்டர் (இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் அமைப்பு) கட்டம் புதிதாக இருந்தபோதே சிறியது, வயதில் இன்னும் மங்கும். வ்யூஃபைண்டரின் முன்கண்ணாடி நடுவில் கறுப்பு டேப் துண்டு ஒன்றைப் புள்ளியளவு ஒட்டிப் பாருங்கள். நேர் உருவம் அங்கே இருண்டு, மற்ற உருவம் எடுப்பாகத் தெரியும். தூரத்துக் கோபுரத்தைப் பார்த்து ஃபோகஸ் லீவரை முடிவிலிக்குத் தள்ளினால் இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். ஆகாவிட்டால் ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்யக் கொடுங்கள்.

தெருவில் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்யவே வேண்டாம். லீவரை 3 மீட்டரில் நிறுத்தி அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பு, எண் கூடினால் திறப்பு சுருங்கும்) 11-இல் வையுங்கள். ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். 5.6-இல் வைத்தால் அது சுமார் 2 முதல் 5 மீட்டராகச் சுருங்கிவிடும். 2.8-இல் ஓரங்கள் இருளும். வெளிச்சம் குறைவாக இருந்தால் மட்டுமே அது.

நண்பகலில் இன்னொரு சிக்கல் உண்டு. ஷட்டரின் உச்ச வேகம் 1/500 நொடிதான். 400 வேக (ஒளியுணர்வு) பிலிம் போட்டு 5.6-இல் எடுத்தால் வெயிலில் ஒளி மிஞ்சிப்போகும். வ்யூஃபைண்டரில் ஷட்டர் வேகம் காட்டும் ஊசி 500-ஐத் தாண்டியிருக்கும். அப்போது அபெர்ச்சர் 16-க்குப் போங்கள். 200 பிலிம் என்றால் 11 போதும். ஊசி 30-க்குக் கீழே இறங்கினால் தூணில் சாய்ந்து எடுங்கள், இல்லாவிட்டால் படம் ஆடும்.

கேள்வி: பிலிம் முழுவதும் எடுத்ததாக நினைத்தேன், கழுவினால் வெற்று. ஏன்?
- வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் பிலிம் நகரவே இல்லை. பிலிம் நுனி சுருள்தண்டின் வெட்டில் நன்றாக நுழைந்து, துளைகள் பற்களில் மாட்டியிருக்க வேண்டும். கதவை மூடியதும் ரீவைண்டு (பிலிமைத் திரும்பச் சுற்றும்) கைப்பிடியை லேசாகத் திருப்பித் தொய்வை எடுங்கள். பிறகு கட்டைவிரல் சக்கரத்தை உருட்டும்போது அந்தக் கைப்பிடியும் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் திறந்து மறுபடி மாட்டுங்கள். எண்ணிக்கை காட்டியை மட்டும் நம்பாதீர்கள், அது பிலிம் இல்லாமலும் ஓடும்.

முடிந்த ரோலில் சக்கரம் இறுகினால் பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள், துளைகள் கிழிந்துவிடும். அடியிலுள்ள பொத்தானை அழுத்திவிட்டு ரீவைண்டு செய்யுங்கள். பிலிம் வேகத்தை இந்தக் கேமரா தானாக அறியாது, 25 முதல் 800 வரை கையால் வைக்க வேண்டும். புது ரோல் போட்டதும் முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: பேட்டரி?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டு எஸ்ஆர் 44 சில்வர் செல்கள். எல்ஆர் 44 விலை குறைவு, வேலை செய்யும். ஆனால் மின்னழுத்தம் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் ஒன்றுமே செய்யாது, அதனால் உபரி இரண்டு பையில் இருக்கட்டும். கீழேயுள்ள லீவரைச் சோதனை நிலையில் வைத்தால் பீப் ஒலி கேட்க வேண்டும்.