ஜப்பானிய இயக்குநர் ஷின்யா சுகமோட்டோ: நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, இவர் எந்த ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் படித்தார்?

எதிலும் படிக்கவில்லை. 1960-ல் டோக்கியோவில் பிறந்தவர். பதினான்கு வயதில் 8 எம்.எம். கேமரா கைக்கு வந்ததும் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கல்லூரியில் படித்தது ஓவியம். அப்புறம் சொந்தமாக ஒரு நாடகக் குழு, விளம்பரப்பட வேலை. ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்து மெல்ல மேலே வருவது ஜப்பானின் பழைய வழி. இவர் அந்தப் பக்கமே போகவில்லை.

இவருடைய 'டெட்சுவோ' படத்தை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? எனக்குத் தலைவலிதான் வந்தது.

வரத்தான் செய்யும். சூ இஷிகாவாவின் இசையே இரும்புப் பட்டறைக்குள் நிற்க வைத்துவிடும். 1989-ல் வந்த 67 நிமிடப் படம், 16 எம்.எம்., கறுப்பு வெள்ளை. சாதாரண அலுவலக ஊழியர் ஒருவரின் உடம்பில் இரும்பு முளைக்கிறது, கதை அவ்வளவுதான். நான் வியப்பது அதை எடுத்த விதத்தை. ஆட்கள் தெருவில் வழுக்கிக்கொண்டு பாயும் காட்சிகளைப் பாருங்கள். நடிகர் கொஞ்சம் நகர்வார், ஒரு ஃப்ரேம். மறுபடி நகர்வார், இன்னொரு ஃப்ரேம். கிராஃபிக்ஸுக்குக் காசில்லாதவர் பொறுமையை வைத்தே அந்த வேகத்தை உண்டாக்கியிருக்கிறார். நாயகியாக நடித்த கெய் ஃபுஜிவாரா, சுகமோட்டோவோடு சேர்ந்து ஒளிப்பதிவும் செய்தார். ஃபுஜிவாரா குடியிருந்த வீட்டிலேயே நிறையக் காட்சிகளை எடுத்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனதால் குழுவில் பலர் விலகிவிட்டார்கள். எழுத்து, இயக்கம், எடிட்டிங், இரும்பு வெறி பிடித்தவன் வேடம் எல்லாம் சுகமோட்டோதான். ரோமில் ஃபான்டாஃபெஸ்ட் விழாவில் சிறந்த படமாகத் தேர்வானபின் வெளிநாடுகளில் பெயர் பரவியது.

பெரிய கம்பெனிகள் கூப்பிடவில்லையா சார்?

கூப்பிட்டார்கள். 'ஹிருகோ' (1991), எடோகாவா ராம்போ கதையிலிருந்து 'ஜெமினி' (1999) எல்லாம் அப்படி வந்தவை. 'ஜெமினி' நல்ல படம். ஆனாலும் அவர் திரும்பத் திரும்பப் போனது சொந்தத் தயாரிப்புக்குத்தான்.

கையில் பணமில்லாமல் போர்ப் படம் எடுத்தாராமே?

'ஃபயர்ஸ் ஆன் த பிளெய்ன்', 2014. ஷோஹெய் ஓஓகாவின் நாவல். பிலிப்பைன்ஸ் காட்டில் தோற்றுப்போன ஜப்பானியச் சிப்பாய்கள் பசியில் மனித மாமிசம் வரை போகிறார்கள். பல வருடக் கனவு அது, பணம் போட ஆள் கிடைக்கவில்லை. தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, நாயகனாகத் தானே நடித்து முடித்தார். வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. இதே நாவலை 1959-ல் கோன் இச்சிகாவா கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். இவர் படத்தில் காட்டின் பச்சை அத்தனை அழகு, அதற்கு நடுவே அழுகும் உடல்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஹாலிவுட் இயக்குநர் ஸ்கார்செஸியின் 'சைலன்ஸ்' படத்தில் வருபவர் இவரா?

ஆமாம், மோக்கிச்சி என்ற கிராமத்துக் கிறிஸ்தவர் வேடம். கடலோரம் சிலுவையில் கட்டப்பட்டு அலையில் சாகிறாரே, அவர்.

முதலில் எதைப் பார்க்கலாம்?

'டோக்கியோ ஃபிஸ்ட்' (1995). குத்துச்சண்டை வீரராக வருபவர் இவருடைய தம்பி கோஜி, எதிரே நிற்பது சுகமோட்டோவே. ரத்தம் ஆகாது என்றால் 'எ ஸ்நேக் ஆஃப் ஜூன்' (2002) பாருங்கள். மழையும் நீல நிறமுமாக இருக்கும். ஆனால் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.