அப்படியானால் அவர் என்ன செய்தார்?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனின் நினைவு நாளை நடத்துகிறோம். சென்ற ஆண்டு படத்துக்கு மாலை அணிவித்து, தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கி, கரோக்கி வைத்து 18 பாடல்கள் பாடினோம். எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், "எல்லாப் பாட்டையும் டி.எம்.எஸ். பாடினார், சுசீலா பாடினார், கண்ணதாசன் எழுதினார் என்றுதானே சொன்னீர்கள்? அப்படியானால் படத்தில் இருந்தவர் என்ன செய்தார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இந்த ஆண்டு எப்படி நடத்தலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகன் கேட்டது குறும்பு அல்ல, நியாயமான கேள்வி. 2015-இல் தமது 87-ஆம் வயதில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பலவும் பாடகர்களையும் கதாநாயகர்களையும் பேசிவிட்டு, கடைசியில் அவரை ஒரு வரியில் வணங்கி முடித்துக்கொண்டன. பாடலிலிருந்து குரலையும் சொல்லையும் எடுத்துவிட்டால் எஞ்சுகிற அனைத்தும், அந்தக் குரல் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும், எந்தச் சொல்லில் ஒரு கணம் நின்று போக வேண்டும் என்கிற தீர்மானமும்தான் இசையமைப்பாளருடைய வேலை என்று அவனுக்குச் சொல்லுங்கள். ஆனால் சொன்னால் மட்டும் விளங்காது, காதில் விழ வேண்டும்.

ஆகவே இந்த ஆண்டு கரோக்கியைக் குறையுங்கள். அதில் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ கீபோர்டில் மறுபடி வாசித்துச் சேர்த்தவை. சிதாரும் ஷெனாயும் ஒரே பெட்டிக்குள்ளிருந்து வருகின்றன. அவரை நினைவுகூரும் நாளில் அவருடைய வாத்தியக்காரர்கள் ஒருவரையும் கேட்காமல் எழுந்து போகிறோமே என்பது என் நெடுநாள் மனக்குறை. 18 பாடல்களுக்குப் பதில் ஆறு பாடல்கள் போதும். அவற்றில் இரண்டையாவது மூல ஒலிப்பதிவாக ஒலிக்கவிட்டு, யாரும் கூடவே பாடாமல் கேளுங்கள். கூடவே பாடாமல் இருப்பதுதான் கடினம், தெரியும்!

எடுத்துக்காட்டாக, 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தின் 'சொன்னது நீதானா' பாடலை இரண்டு முறை போடுங்கள். முதல் முறை எல்லோரும் சுசீலாவைத்தான் கேட்பார்கள், கேட்கட்டும். இரண்டாம் முறை, குரலை விட்டுவிட்டுச் சிதாரை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் கணவனுக்கு மனைவி பாடும் பாட்டு அது. அவள் சொல்லி முடிக்காமல் நிறுத்துகிற இடங்களில் அந்தத் தந்திகள் எப்படிப் பேச்சைத் தொடர்கின்றன என்று கவனிக்கச் சொல்லுங்கள். பல்லவியில் 'சொல்' என்ற ஒரே சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. காகிதத்தில் படித்தால் மூன்றும் ஒன்றுதான். பாட்டில் கேட்ட பிறகு மூன்றும் ஒன்றுதானா என்று உங்கள் மகனிடமே கேளுங்கள். குழந்தைகள் நெளியத் தொடங்கினால், 'அவள் ஒரு தொடர்கதை'யில் வரும் 'கடவுள் அமைத்து வைத்த மேடை' இருக்கவே இருக்கிறது. சதனின் பலகுரலுக்கு இடம் விட்டு ஒரு பாட்டைக் கட்டியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. 1952 முதல் 1965 வரையிலான படங்களில் இசை 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்று இருவர் பெயரில்தான் வந்தது. மேற்சொன்ன 1962-ஆம் ஆண்டுப் பாடலும் அவ்வாறே. வயலின் மேதையான டி.கே.ராமமூர்த்தி 2013-இல் காலமானார். அவருக்குத் தனியாக யாரும் விழா எடுப்பதாகத் தெரியவில்லை என்பதற்காக அவர் பங்கையும் சேர்த்து ஒருவருக்கே கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் படம், ஆண்டு, இசை, வரிகள், குரல் என்று அறிவியுங்கள். இசையமைப்பாளர் பெயர் குரலுக்கு முன்னால் வரட்டும். 'இந்த மெட்டு பிறந்த கதை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவனவற்றை மேடையில் படிக்க வேண்டாம். அவற்றுள் எது நடந்தது, எது பிற்காலத்தில் ஒட்டியது என்று பிரித்தறிய வழியில்லை.

அந்த இருவரும் தங்களுக்கு மூத்தவர் ஒருவரை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதையும் சொல்லலாம். அவர்கள் உதவியாளர்களாக இருந்த சி.ஆர்.சுப்பராமன் 1952-இல் இளம் வயதிலேயே இறந்தபோது, 'தேவதாஸ்' உள்ளிட்ட படங்களின் இசைப்பணி பாதியில் நின்றது. அதை இருவரும் முடித்துக்கொடுத்தார்கள். மாலையைவிட எனக்கு அது பெரிதாகப்படுகிறது. உங்கள் ஊரில் பழைய மெல்லிசைக் குழுவில் வயலினோ புல்லாங்குழலோ வாசித்தவர் ஒருவர் இருப்பார். தேடிப் பிடித்து, உரிய சன்மானம் கொடுத்து, ஓர் இடையிசையை மட்டுமாவது நேரில் வாசிக்கச் செய்யுங்கள்.

விஸ்வநாதனின் குரலே வேண்டுமென்றால், 2002-இல் ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்காக அவர் பாடிய 'விடை கொடு எங்கள் நாடே' பாடலைப் போடுங்கள். எழுபதைத் தாண்டிய வயதில் தம்மைவிட மிக இளையவரின் மெட்டுக்குப் பாடியிருக்கிறார்.

மகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு நீங்கள் ஜூலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நிகழ்ச்சியைத் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் அந்த வரிகளுக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் விஸ்வநாதன்தான். எழுந்து நின்று பாடினீர்களே, அப்போது அவர் பெயரை யாராவது அறிவித்தீர்களா? நாளைக் காலை பள்ளியில் உங்கள் மகன் அதைப் பாடப்போகிறான். புறப்படும் முன் அவனிடம் சொல்லி அனுப்புங்கள்.