கப்பலில் வரும் இரண்டாவது பில்

கேள்வி: அடுத்த ஆண்டு நானும் என் கணவரும் ஏழு நாள் க்ரூஸ் போகிறோம். மூன்று வேளைச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனாலும் அதே கப்பலில் இருக்கும் ஸ்டேக் ஹவுஸ் (சுட்ட மாட்டிறைச்சித் துண்டு போடும் இடம்), இத்தாலியன், ஜப்பானிய ரெஸ்டாரண்டுகளுக்கு ஆளுக்கு 50, 60 டாலர் என்று தனியாகக் கேட்கிறார்கள். எல்லா இரவுக்கும் சேர்த்து பேக்கேஜ் எடுத்தால் மலிவு என்று மெயில் மேல் மெயில் வருகிறது. இலவசச் சாப்பாட்டை நம்பிப் போனால் ஏமாந்துவிடுவோம் என்பது என் கட்சி. காசைக் கரியாக்க ஒரு சாக்கு என்கிறார் அவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: ஓர் இரவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஏழு இரவுக்கு அவர் சொல்வது சரி.

இலவசச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கப்பல் கம்பெனிக்காரர் பார்த்தால் பூரித்துப்போவார். அந்தச் சாப்பாட்டுக்கு நீங்கள் டிக்கெட் வாங்கிய அன்றே காசு கட்டிவிட்டீர்கள். இப்போது கேட்கிற 60 டாலர், கட்டிய அந்தச் சாப்பாட்டை விட்டுவிட்டு வேறொன்றைச் சாப்பிடுவதற்கு. விட்டுவிட்ட சாப்பாட்டுக்கு யாரும் சல்லிக்காசு திருப்பித் தரமாட்டார்கள். அதனால் 60 டாலருக்கு இந்த ஸ்டேக் தேறுமா என்று பார்ப்பது தப்புக் கணக்கு. டிக்கெட்டில் அடங்கிய சாப்பாட்டைப் போடும் கீழே உள்ள பெரிய டைனிங் ரூமில் கிடைப்பதைவிட இது 60 டாலர் அளவுக்கு மேலா? அதுதான் கேள்வி. பல ரெஸ்டாரண்டுகள் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும்.

இந்த வியாபாரம் ஒன்றும் புதிதில்லை. 1905இல் ஓடத் தொடங்கிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலிலேயே பிரபல ஹோட்டல்காரர் ரிட்ஸ் பெயரில் தனிக்கட்டண ரெஸ்டாரண்ட் இருந்தது. 1912இல் டைட்டானிக்கிலும் இருந்தது. முதல் வகுப்புக்காரர்களுக்காக பி டெக் என்ற தளத்தில் லூயிஜி காட்டி என்பவர் நடத்தினார். சமையல்காரர்களும் வெயிட்டர்களும் அவருடைய ஆட்கள், பில்லும் தனி. ஆனால் ஒன்று: பயணம் முழுக்க அங்கேதான் சாப்பிடுவோம் என்று முன்கூட்டியே சொன்னவர்களுக்கு டிக்கெட் கட்டணத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். அந்த நியாயம் எனக்குத் தெரிந்து இன்று எந்தப் பெரிய கப்பலிலும் கிடையாது.

ஏன் கிடையாது என்பதைக் கம்பெனிகளின் கணக்கே சொல்லும். பெரிய க்ரூஸ் கம்பெனியான கார்னிவல் கார்ப்பரேஷனின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 750 கோடி டாலர் டிக்கெட்டில் வந்ததல்ல. குடி, சூதாட்டம், ஸ்பா, கரைச் சுற்றுலா, இந்த மாதிரி ரெஸ்டாரண்ட் என்று ஏறியவர்களிடம் அப்புறம் வாங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டிக்கெட்டை மலிவாகக் காட்டி ஏற்றிவிட்டால், கடலில் வைத்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு வரும் மெயில்களின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

சரி, கம்பெனிக்கு லாபம் என்பதாலேயே நமக்கு நஷ்டம் என்று ஆகிவிடாது. வித்தியாசம் நிஜமாகவே உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு காசு கொடுங்கள்.

பெரிய டைனிங் ரூமின் சமையலறையை நினைத்துப் பாருங்கள். ஒரு பந்திக்கு ஆயிரம் பேருக்கு மேல். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்கிறார்கள். இன்று எத்தனை பேர் மீன் கேட்பார்கள், எத்தனை பேர் மாட்டிறைச்சி கேட்பார்கள் என்று பழைய கணக்கை வைத்து முன்னாலேயே மதிப்பிட்டு, வரிசை வரிசையாகத் தட்டில் அடுக்குகிறார்கள். தட்டுக்கு மேல் மூடி. மூடியின் மேல் இன்னொரு தட்டு. அப்படி ஒரு கோபுரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, சில கப்பல்களில் எஸ்கலேட்டரில் வேறு ஏறி இறங்கி, வெயிட்டர் உங்கள் மேஜைக்கு வருகிறார். மூடிக்குள் இருக்கும் இறைச்சி அந்த நேரமெல்லாம் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். உள்ளே சிவப்பாக வேண்டும் என்று கேட்டவருக்குச் சாம்பல் நிறத்தில் வந்து சேரும். சமையல்காரர் கைராசி இல்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாறினால் ஸ்டேக்குக்கு நேர்வது அதுதான். ஆனால் அதே ஏற்பாட்டில் சூப், குழம்பு மாதிரி மெதுவாக வேகவைத்த இறைச்சி, அவியல் வகை, கேக் எல்லாம் நன்றாகவே வரும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் கெட்டுப்போகாத பதார்த்தங்கள் அவை. பெரிய டைனிங் ரூமில் அவற்றைக் கேட்டுச் சாப்பிடத் தெரிந்தவர் அவ்வளவாகக் குறை சொல்வதில்லை.

தனிக்கட்டண ரெஸ்டாரண்டில் இருக்கை நூற்றுச் சொச்சம். பல இடங்களில் கதவுக்குப் பின்னாலேயே அதன் சொந்தச் சமையலறை. நீங்கள் சொன்ன பிறகுதான் அடுப்பில் போடுவார்கள். அடுப்பிலிருந்து உங்கள் தட்டுக்குப் பத்து இருபது அடிதான். ஆக, பொருளின் தரத்தைவிட இந்தத் தூரத்துக்கும் நேரத்துக்கும்தான் நீங்கள் முக்கியமாகக் காசு கொடுக்கிறீர்கள். அப்புறம் அமைதிக்கு. மூவாயிரம் நாலாயிரம் பேர் உள்ள கப்பலில் பக்கத்து மேஜைக்காரரின் பேச்சு காதில் விழாமல் இரண்டு மணி நேரம் உட்கார்வது பெரிய விஷயம். 2024இல் வந்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் முழுக்க நிரம்பினால் பயணிகள் மட்டும் 7,600 பேர். அதில் அமைதிக்கு விலை போட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

இதை வைத்துப் பார்த்தால் எங்கே போகலாம், எங்கே வேண்டாம் என்பது தானாகவே பிரிந்துவிடும். ஸ்டேக் ஹவுஸ், போகலாம். கீழே கிடைக்கவே கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. இத்தாலியன், பெரும்பாலும் வேண்டாம். பாஸ்தாவும் தக்காளி சாஸும் பெரிய டைனிங் ரூமிலும் பஃபேயிலும் தினமும் இருக்கும். மேலே வேறு வடிவத்தில் வரும், அவ்வளவுதான். சூஷி பல கப்பல்களில் தட்டுக்குத் தட்டு விலை. பசியோடு போனால் பில் ஏறுவதே தெரியாது. மேஜைக்கு முன்னால் கரண்டியைச் சுழற்றி முட்டையைத் தூக்கிப் பிடிக்கும் ஜப்பானிய தெப்பன்யாகி, குழந்தைகளோடு போனால் ஒரு முறை நன்றாக இருக்கும். தட்டின் மேல் கட்டைவிரல் அளவு சமையல்காரர் பொம்மைப்படமாக ஓடிவந்து சமைக்கும் 'லெ பெட்டிட் ஷெஃப்' மாதிரிக் காட்சிகளில் எல்லாருக்கும் ஒரே மெனு, ஒரே நேரம். அது சாப்பாடு போடும் சினிமா. சினிமாவுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுக்கலாம்.

எல்லாவற்றிலும் விலை கூடியது ஷெஃப்ஸ் டேபிள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும். பெரும்பாலும் சமையலறையைச் சுற்றிக் காட்டுவார்கள், தலைமைச் சமையல்காரரே வந்து பேசுவார், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனி ஒயின். விலையைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். ஆனாலும் ஒயின் குடிப்பவராகவும் சமையலில் ஆர்வம் உள்ளவராகவும் இருந்தால், கப்பலில் கொடுத்த காசுக்குத் தேறுவது இதுதான் என்பேன். மேலே சொன்ன அந்த ஆயிரம் பேர் சமையலறையைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் இதில் சேர்த்தி. ஒயின் தொடமாட்டீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்களில் யாராவது சைவம் என்றால் இன்னொன்று. ஸ்டேக் ஹவுஸில் நுழைவதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணமாக இருந்தால், இறைச்சி சாப்பிடுபவரும் காளானும் உருளைக்கிழங்கும் சாப்பிடுபவரும் ஒரே தொகைதான் கட்டவேண்டும். முன்பதிவுக்கு முன் மெனுவை வாங்கிப் பாருங்கள். பெரிய டைனிங் ரூமில் அன்றன்று மாறும் சைவப் பதார்த்தம் அதைவிட எவ்வளவோ மேலாக இருக்கலாம்.

மெயிலில் போட்டிருக்கும் 60 டாலரும் முழுக் கணக்கில்லை. பல கம்பெனிகள் அதன் மேல் 18 அல்லது 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடும். குடிக்கிறது தனி. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு மெனுவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு எண் இருக்கும்: லாப்ஸ்டர் எனும் சிங்கி இறால், வாக்யு என்ற விலை கூடிய ஜப்பானிய மாட்டிறைச்சி, அந்த மாதிரி. கட்டணம் கொடுத்து உள்ளே வந்த பிறகும் அதற்குத் தனிக்கட்டணம்! எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். கதவில் ஒரு தடவை, தட்டில் ஒரு தடவை என்று வாங்குவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இனி பேக்கேஜ். கணக்குப் போடுவோம். 60 டாலர், இரண்டு பேர், ஏழு இரவு: 840. சர்வீஸ் சார்ஜ் 18 சதவீதம் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,000 டாலர். பேக்கேஜ் இதைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் போகவே தேவையில்லாத நாலைந்து இரவுகளுக்குத் தள்ளுபடி கிடைத்து யாருக்கு லாபம்? மூன்றாவது நாளே இந்தக் கனமான சாப்பாடு திகட்டிவிடும். ஒவ்வொரு வேளையும் இரண்டு மணி நேரம் பிடிக்கும், மாலைக் காட்சி தவறிப்போகும். எல்லாரும் ஏழு மணி கேட்பதால் கடைசியில் உங்களுக்கு வாய்ப்பது ஐந்தரையோ ஒன்பதோதான். அத்தோடு, பெரிய டைனிங் ரூமில் ஒரே மேஜை வைத்துக்கொண்டால் தினமும் அதே வெயிட்டர் வருவார். இரண்டாம் நாளே உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டது பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிக்காமல் வேறொன்று கொண்டுவருவார். தினம் ஒரு ரெஸ்டாரண்டாக அலைபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏழு இரவும் பெரிய டைனிங் ரூமைத் தவிர்க்கத்தான் வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே தோன்றுகிறது என்றால், நீங்கள் தப்பான கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஓஷியானியா, வைக்கிங், ரீஜென்ட் கப்பல்களில் இந்த மாதிரி ரெஸ்டாரண்டுகளின் விலை அநேகமாக டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம். வர்ஜின் வாயேஜஸில் பெரிய டைனிங் ரூமே கிடையாது, பஃபேயும் கிடையாது. சின்னச் சின்ன ரெஸ்டாரண்டுகள்தான், சில விசேஷப் பதார்த்தங்கள் தவிர எல்லாம் அடக்கம். இவற்றின் டிக்கெட் விலை கூட. ஆனால் உங்கள் டிக்கெட்டோடு அந்த 1,000 டாலரைக் கூட்டிவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. டிக்கெட் இன்னும் வாங்கவில்லை என்றால் பேக்கேஜைவிட இதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும்.

வாங்கியாகிவிட்டது என்றால் ஒரே ஓர் இரவு, ஸ்டேக் ஹவுஸ். எந்த இரவு என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. கோட்டும் பட்டுமாக எல்லாரும் வரும் ஃபார்மல் இரவில்தான் பெரிய டைனிங் ரூம் தன் நல்ல சரக்கை எடுத்துவிடும். பல கப்பல்களில் லாப்ஸ்டர் வருவதும் அன்றுதான். அன்று மேலே போய்க் காசு கொடுத்தால் உங்கள் கணவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாகிவிடும். நாள் முழுக்கத் துறைமுகத்தில் சுற்றிவிட்டு வரும் இரவும் வேண்டாம். அந்த ஊரிலேயே நல்ல இடமாகப் பார்த்து மதியம் சாப்பிட்டுவிடுங்கள். பார்சிலோனாவிலோ நேப்பிள்ஸிலோ 60 டாலருக்குக் கிடைப்பது கப்பலில் கிடைக்காது. ஏறுகிற முதல் இரவில் மேஜைகள் காலியாகக் கிடப்பதால் சில கப்பல்களில் விலை குறைப்பார்கள், ஏறியதும் கேளுங்கள். நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கும் நாட்களில் மதிய உணவுக்குத் திறப்பார்களா என்றும் கேளுங்கள். அதே சமையலறைதான், பல இடங்களில் கட்டணம் இரவைவிடக் குறைவு.

மேஜை பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் பணம் பிடித்துக்கொள்வார்கள், அதனால் கேன்சல் செய்ய எத்தனை மணி நேர அவகாசம் என்று பதிவு செய்யும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கல்யாண நாள், பிறந்த நாள் ஏதாவது அந்த வாரத்தில் வந்தால், கேக்குக்காக மேலே போகவேண்டாம். பெரிய டைனிங் ரூமில் வெயிட்டரிடம் காலையிலேயே சொல்லிவைத்தால் பெரும்பாலும் அங்கேயே கொண்டுவந்து வைத்துப் பாட்டும் பாடுவார்கள். பாட்டு வேண்டாம் என்றால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.