மேக்ஸிமலிஸ்ட் ஸ்டைல்னா என்ன? ஓவியம், சிற்பம் மாதிரி இருக்கிற ஃபர்னிச்சர் வெச்சா வீடு கூட்டமா தெரியாதா?

சிம்பிளா சொன்னா, கலர், டிசைன், படம்னு எல்லாத்தையும் தெரிஞ்சே நிறைய சேர்த்து வீட்டை நிரப்புறதுதான். 1981ல இத்தாலிக்காரர் சோட்சாஸ் டிசைன் பண்ண கார்ல்டன் ஷெல்ஃப் பாருங்க, புக் அடுக்குற சாமானா சிற்பமானே தெரியாது, அந்த மாதிரி ஒண்ணு ரூம்ல இருந்தா கண்ணு முதல்ல அங்கதான் போகும், மெத்தை, திரை எல்லாம் அதோட கலரையே அங்கங்க திரும்பக் காட்டினா போதும், கூட்டமா தெரியாது. நம்ம தஞ்சாவூர் ஓவியமே அப்படித்தானே! தங்க ரேக்கு, கல்லு, தூணுன்னு இண்டு இடுக்கு விடாம நிரப்பியிருப்பாங்க, ஆனா நடுவுல கொழுகொழுன்னு கிருஷ்ணன் பெருசா உக்காந்திருக்கிறதால கண்ணு குழம்பாது (எங்க கும்பகோணத்து வீட்டுக் கூடத்துல இருக்கிறதை மணிக்கணக்கா பார்த்திருக்கேன்).

பரண்ல கிடக்கிறதெல்லாம் இறக்கி வெச்சா மேக்ஸிமலிசம்னு சிலர் நினைக்கிறாங்க, அது கொலு முடிஞ்ச மறுநாள் கூடம் மாதிரிதான் இருக்கும்.