சென்சர் வாங்குவதற்கு முன் குழாயைப் பாருங்கள்

கேள்வி: 2014 ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். எஞ்சின் விளக்கு எரிகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. கராஜில் ஸ்கேன் பண்ணியபோது பி2453 என்று பழுதுக் கோட் வந்தது. டீபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பிரஷர் சென்சரும், புகையிலுள்ள நைட்ரஜன் ஒக்சைட்டுகளை அளக்கும் நொக்ஸ் சென்சரும் மாற்ற வேண்டும், 2 இலட்சம் ரூபாய்க்கு மேல் போகும், இல்லாவிட்டால் ஃபில்டரை வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகர், சுன்னாகம்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பி2453 என்றால், பிரஷர் சென்சர் தரும் அளவு நம்பும்படியாக இல்லை என்று எஞ்சின் கணினி சொல்கிறது, அவ்வளவுதான். பழுது சென்சரிலா, குழாயிலா, வயரிலா என்பதை நாம்தான் தேட வேண்டும். அந்தக் கோட்டுக்கும் நொக்ஸ் சென்சருக்கும் தொடர்பே இல்லை. நொக்ஸ் சென்சருக்கென்று தனிக் கோட் இருந்ததா என்று கேளுங்கள்.

கரி பிடிக்கும் ஃபில்டருக்கு முன்னிருந்தும் பின்னிருந்தும் இரண்டு மெல்லிய குழாய்கள் இந்தச் சென்சருக்கு வரும். இரு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தையே அது அளக்கிறது. முன்பக்கக் குழாய் சூட்டில் வெந்து இறுகிவிடும். கிளிப்புக்குக் கிட்டக் கையால் வளைத்துப் பாருங்கள். தலைமயிர் போன்ற வெடிப்பு வாய் திறக்கும், அதைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். அப்படியானால் செலவு சூடு தாங்கும் குழாய்க்கு மட்டுந்தான். பெற்றோல் குழாயை மாட்டினால் விரைவில் உருகிவிடும். முன், பின் குழாய்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் அளவு மைனஸில் காட்டும்.

அடுத்து ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்க்கச் சொல்லுங்கள். சாவி ஓனில், எஞ்சின் ஓடாமல், அழுத்த வித்தியாசம் 0 அல்லது ஓரிரு மில்லிபார் இருக்க வேண்டும். இரண்டு குழாயையும் கழற்றிய பிறகும் 20, 30 என்று நின்றால் சென்சரைச் சந்தேகிக்கலாம். ஐடிலில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, சுத்தமான ஃபில்டர் பெரும்பாலும் 10 மில்லிபாருக்குள் நிற்கும். 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றும்போது சீராகக் கூடி, விட்டதும் இறங்க வேண்டும். அசையவே இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். முந்தைய சொந்தக்காரர் ஃபில்டருக்குள்ளே இருக்கும் வடிகட்டும் பகுதியை எடுத்திருக்கவும் கூடும். அளவு மிக உயரமாக இருந்தால் சென்சர் உண்மைதான் சொல்கிறது, ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது.

அடைப்பை எடுக்கக் காற்று அடிக்கும்போது குழாயைச் சென்சரிலிருந்து கழற்றிவிட்டு, ஃபில்டர் பக்கமாக அடியுங்கள். சென்சருக்குள் அடித்தால் உள்ளேயுள்ள மென்தகடு போய்விடும்.

கடற்காற்றுப் படும் நம்முடைய ஊர்களில் பிளக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கொன்ராக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள், அரத்தாள் போட வேண்டாம். இவ்வளவும் பார்த்த பிறகும் சென்சர்தான் என்றால் பார்ட் நம்பரை ஒத்துப் பார்த்து மாற்றி, ஸ்கேனரில் பழைய அளவை ரீசெட் பண்ணுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் புதுச் சென்சர் போட்டும் விளக்கு அணைவதில்லை.

ஃபில்டரை வெட்ட வேண்டாம். வெட்டினால் கணினியின் புரோகிராமையும் மாற்ற வேண்டிவரும். வருடாந்தப் புகைப் பரிசோதனை டீசல் வாகனத்தில் புகையின் கருமையைத்தான் அளக்கிறது. ஃபில்டர் தடுத்த கரி முழுவதும் அங்கே தெரியும். அதைவிட, அந்தக் கரி நம் ஒழுங்கைகளில் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும்.

கோட் அழிந்த பிறகு, கால் ராங்கிக்கு மேல் டீசலோடு ஏ9 வீதியில் கிளிநொச்சிவரை ஒருதரம் ஓடுங்கள். ஒரு கியர் குறைத்து, 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில், நிறுத்தாமல் அரை மணித்தியாலம். ஃபில்டரில் உள்ள கரி எரிய ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வேண்டும். சுன்னாகம், யாழ் நகர் ஓட்டத்தில் அது எட்டாது. புறப்படுமுன் ஒயில் குச்சியைப் பாருங்கள். அளவு மேற்கோட்டைத் தாண்டி டீசல் மணத்தால், எரியாத டீசல் ஒயிலில் கலந்திருக்கிறது. ஒயிலை மாற்றிவிட்டுப் போங்கள்.

கேள்வி: நொக்ஸ் சென்சரின் முனையை மட்டும் மாற்றலாமா? கழுவலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: இரண்டும் வேண்டாம். முனையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்த்தே அளவு சரிபார்த்து விற்கப்படுகின்றன. உள்ளேயிருப்பது பீங்கான், சூடேறி வேலை செய்யும்போது ஒரு துளி தண்ணீர் பட்டாலும் வெடிக்கும். மாற்றுமுன் பெட்டிக்கு 12 வோல்ட்டும் ஏர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். ஒரு ஃபியூஸ் போனதற்காகச் சென்சர் வாங்கிவிட வேண்டாம். பழைய வாகனத்தில் கழற்றியதை வாங்குவது சூதாட்டம்.

கேள்வி: எக்ஸோஸ்ட் வெப்பச் சென்சர்கள் மூன்றில் எது பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், கொக்குவில்

பதில்: இரவு முழுக்க நிறுத்திய காரை, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் ஸ்கேன் பண்ணுங்கள். மூன்றும் அன்றைய காற்றின் வெப்பத்தையே, அதாவது 27, 28 பாகை அளவில் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மைனஸ் 40 அல்லது 900 என்று நின்றால், அதன் பிளக்கையும் வயரையும் பார்த்துவிட்டு அதை மட்டும் மாற்றுங்கள்.