‘மேஷ்’ படமும் பட்டாளத்து ஆஸ்பத்திரியும்: வாசகர் கேள்விகள்

பதில்: ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வுபெற்ற மதுரைக்காரர்

கே: 1970-ல் வந்த ‘மேஷ்’ படம் கொரியப் போரில் ஒரு அமெரிக்க ராணுவக் கூடார ஆஸ்பத்திரியின் கதை. அதில் ஆபரேஷன் நடக்கும்போதே டாக்டர்கள் கேலி பேசுகிறார்கள். அடிபட்டவனை அவமதிப்பது ஆகாதா? (வாசகர், உசிலம்பட்டி)

ப: அவர்கள் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். பேச்சு எங்கே போனாலும் கை காயத்தை விட்டு நகராது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்படி இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் வேண்டுமென்றே எடுத்தார்; களத்து ஆஸ்பத்திரிச் சத்தம் அப்படித்தான் இருக்கும். படம் போர்முனைப் பக்கமே போகாது. மேஜைக்கு வந்துசேரும் உடம்புதான் அதில் போர். கதை கொரியாவில் நடக்கிறது. படம் வந்தபோது வியட்நாமில் சண்டை ஓயவில்லை. சொல்வது வியட்நாமைத்தான் என்று பார்த்தவர்களுக்குப் புரியாமலா இருக்கும்?

ஆஸ்பத்திரிக்கு வந்தபின் இறந்த அமெரிக்க வீரர்கள் இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கு 4.5 பேர், கொரியாவில் 2.5. ஹெலிகாப்டரும், முனைக்குப் பக்கத்திலேயே நின்ற இந்தக் கூடார ஆஸ்பத்திரிகளும் அதற்கு முக்கியக் காரணம்.

கே: உண்மையாகப் பட்ட காட்சி எது? ஒப்பாதது எது? (வாசகி, திருமங்கலம்)

ப: ஒரு நோயாளி இறந்துபோகிறார். டாக்டரான மேஜர் பர்ன்ஸ் அந்தப் பழியை, உதவிக்கு நின்ற பூன் என்கிற சின்னப் பையன் தலையில் போட்டுவிடுகிறார். பையன் அதை நம்பி அழுகிறான். படத்திலேயே என்னை உலுக்கியது அந்த முகம்தான். ரேங்க் உள்ள இடத்தில் பழி கீழே இறங்கும். கடைசிப் படியில் நிற்பவன் அதைச் சுமப்பான். அதைக் கண்ட இன்னொரு டாக்டர் ட்ராப்பர், பர்ன்ஸை அடிப்பது சரிதான்.

நர்ஸ் ஹூலிஹன் குளிக்கும்போது கூடாரத் துணியைத் தூக்கி ஊரே வேடிக்கை பார்ப்பது பெரிய தப்பு. வேலையில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணை அசிங்கப்படுத்துவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கே: கொரியாவில் நம்மவர்கள் இருந்தார்களா? (வாசகர், மேலூர்)

ப: இருந்தார்கள். 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்கிற நம் ராணுவ மருத்துவப் பிரிவு. தலைமை தாங்கியவர் தமிழரான லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்தார். மகாவீர் சக்ரா பெற்றவர்.

கே: படத்தில் ரத்தம் பீறிடும் இடத்தை விரலால் அழுத்துகிறார்கள். மாடு குத்திய காயத்துக்கும் செய்யலாமா? (வாசகர், அலங்காநல்லூர்)

ப: செய்யலாம். கொம்புக் காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழம். கை காலில் பட்டிருந்தால் சுத்தமான துணியைக் குழிக்குள் திணித்து, உள்ளங்கையால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. காலில் அப்படியும் நிற்காவிட்டால் காயத்துக்கு 4 விரல் மேலே, மூட்டில் படாமல், 3 விரல் அகலத் துணியைக் கட்டிக் குச்சி செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறு வேண்டாம், சதையை அறுக்கும். அரைகுறையாக இறுக்கினால் ரத்தம் இன்னும் கூடத்தான் போகும். கட்டிய நேரத்தை அடிபட்டவர் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். டாக்டர் அவிழ்க்கும்வரை தளர்த்தாதீர்கள்.

வயிற்றில் குத்திக் குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். ஈரத்துணியால் மூடிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தாகம் என்று கெஞ்சினாலும் சோடா, தண்ணீர் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.