பாலியாற்றுச் சம்பும் பார உலோகமும்

அன்பின் ஐயா,

எமது வயல்களின் கழிவு வாய்க்கால் பாலியாற்றில் விழும் இடத்தில் இம்முறை சல்வீனியா என்னும் மிதக்கும் களை மஞ்சளித்துக் கிடக்கிறது. கரையோரச் சம்புப் புல்லைப் பிடுங்கினால் வேரெல்லாம் செம்பழுப்புப் பூச்சு. பசளையோடு வரும் பார உலோகங்களின் வேலையா இது? ஆகாயத்தாமரையை ஆற்றில் விட்டால் அது உலோகத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்கள். விடலாமா?

ந., பாண்டியன்குளம்

அன்பின் ந. அவர்களுக்கு,

ஆகாயத்தாமரையை விட வேண்டாம். அதற்கு எதிரான சட்டம் இலங்கையில் 1909இலேயே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுவே. அது உலோகத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால், கட்மியம், ஈயம் போன்ற பார உலோகங்கள் எந்தச் செடிக்குள் போனாலும் சிதைவதில்லை. செடி அழுகியதும் சேற்றுக்கே திரும்பிவிடுகின்றன. உரிய காலத்தில் அறுத்து அகற்றி, கூட்டெருவாக்காமல் தனியே புதைக்க ஆளும் இடமும் இல்லாதவர்கள் அதை வளர்ப்பது, குப்பையைக் கூட்டிப் பாய்க்கு அடியில் தள்ளுவது போன்றதே.

மஞ்சள் நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. நீர்த்தாவரம் உலோகத்தை முதலில் வேரின் கலச்சுவரிலேயே பிடித்து வைக்கப் பார்க்கிறது. அதனால்தான் பெரும்பாலான செடிகளில் இலையைவிட வேரில் உலோகம் மிகுதியாகக் காணப்படுகிறது. (சல்வீனியாவுக்கு வேரே கிடையாது, வேர்போலத் தொங்குவதும் உருமாறிய இலைதான்.) சுவரைத் தாண்டி உள்ளே வரும் கட்மியத்தைக் கந்தகம் கொண்ட பைற்றோகீலேற்றின் என்னும் சிறு பெப்தைட்டுகள் கட்டி, கலத்தின் உள்ளே சேமிப்பறை போலிருக்கும் புன்வெற்றிடத்துக்குள் ஒதுக்கிவிடுகின்றன. இந்தக் காப்பும் போதாதபோது செம்பு, பாதரசம் போன்றவை பச்சையத்திலுள்ள மகனீசியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன, இலை வெளிறுகிறது. ஆனால் நைதரசன் குறைந்தாலும், செடிகள் நெருங்கி மூப்படைந்தாலும் அதே மஞ்சள்தான் வரும். ஆய்வுகூடங்களிலும் லெம்னா என்னும் சிறு மிதவைச் செடியின் நச்சுச் சோதனையை 7 நாட்கள் நடத்தி, இலையின் நிறத்தை மட்டும் நம்பாமல், அது பெருகும் வேகத்தை அளக்கிறார்கள்.

சம்பின் வேரிலுள்ள பூச்சு நோயன்று. தண்டின் உட்காற்றறைகள் வழியே சம்பு ஒட்சிசனை வேருக்கு அனுப்புகிறது; அது வேரிலிருந்து கசிந்து, சேற்றில் கரைந்துள்ள இரும்பைத் துருவாகப் படியவைக்கிறது. மாசற்ற சேற்றிலும் இது நிகழும். எனினும் அந்தத் துரு ஆசனிக் என்னும் நச்சுப் பொருளைப் பற்றிக்கொள்வதால், பரிசோதிக்க ஏற்ற பொருள் அதுவே.

எனக்குக் கவலை தருவது சேறு. நீரடிச் சேற்றில் ஒட்சிசன் இல்லாதவரை கட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைட்டாகக் கட்டுண்டு பெரிதும் அசையாமல் கிடக்கும். கோடையில் ஆறு வற்றிச் சேறு வெடிக்கும்போது காற்றுப்பட்டு அந்தக் கட்டு அவிழ்கிறது. மாரியின் முதல் வெள்ளம் அவிழ்ந்ததைக் கரைத்துச் செல்கிறது. மாசின் மூலம் எதுவாயினும் இதுதான் நடக்கும். பொசுபேற்றுப் பசளையில் கட்மியம் கலந்து வருவதுண்டு என்பதால் உங்கள் ஐயம் ஆதாரமற்றதன்று.

ஆகவே வாய்க்கால் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் நீர், சேறு, சம்பு வேர் மூன்றையும் கோடையின் முடிவில் ஒருமுறை, முதல் வெள்ளத்தில் ஒருமுறை எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். வேரைக் கழுவும்போது பூச்சு உரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை அந்த இடத்துக் கங்குனைக் கறிக்குப் பறிக்க வேண்டாம் என்று அயலவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.